கம்ப்யூட்டர் வீட்டுப் பேர்சியாக்காரன்

1

போன வெள்ளிக்கிழமை மதியம் வெள்ளறடை தாசய்யன் என் அறைக்கு வந்தான். லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பி இரண்டு நாள்கூட ஆகவில்லை. முகத்தில் ஊர்வெயிலின் கறுப்பும் வீட்டுச் சாப்பாட்டின் மினுக்கமும் அப்படியே இருந்தன. ஊருக்குப் போய் வருகிறவன் அறை அறையாக ஏறி இறங்கிப் பொதிகளைக் கொடுத்த பிறகுதான் தன் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். என் வீட்டுப் பொதியில் மரச்சீனி வறுவலும் மாங்காய் அச்சாறும், துணியில் சுற்றிய ஒரு கேசட்டும் இருந்தன.

கொடுத்தவன் சும்மா போயிருக்கலாம். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் வீட்டைக் கண்டுபிடிக்கத் தான் பட்ட பாட்டை அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தான். பாறசாலையில் பஸ் இறங்கி ஆட்டோ பிடித்திருக்கிறான். தனுவச்சபுரம் போகிற வழியில் பேர்சியாக்காரன் ராஜமணியின் வீடு என்றானாம். ஆட்டோக்காரனுக்குத் தெரியவில்லை. ஸ்டாண்டில் நின்ற மற்றவர்களிடம் கேட்டான், அவர்களுக்கும் தெரியவில்லை. கடைசியில் தாசய்யன் என் மனைவியின் பெயரைச் சொன்னான்.

"அப்பம் அவன் எனக்க மேல கோவப்படுகான், கேட்டியா? கம்ப்யூட்டர் டீச்சருக்க வீடுண்ணு மொதல்லயே சொல்லப்பிடாதாண்ணு. ஒனக்க பேர சொன்னா அங்ஙண இப்பம் ஒரு பட்டிக்கும் தெரியாது மக்கா."

அறையே சிரித்தது. தமிழ் தெரியாத மலப்புறத்துக்காரனும் சேர்ந்து சிரித்தான். நானும் பல்லைக் காட்டி வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் வளைகுடாவின் எந்த மூலைக்குப் போனவனும் பேர்சியாக்காரன்தான். அந்தப் பேர்சியா எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனாலும் அந்தப் பெயருக்காகத்தான் இத்தனை வருடம் இங்கே சிமென்ட் மூட்டைக்கும் இரும்புக் கம்பிக்கும் காவல் இருக்கிறேன். அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் என் வியர்வை. மாடிக் கைப்பிடிச் சுவருக்கு என்ன நிறம் என்பதைக்கூட இங்கிருந்து கடிதம் எழுதித் தீர்மானித்தேன். அந்த வீட்டுக்குப் பெயர் மாறிவிட்டது, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூட யாருமில்லை.

மனைவியின் பெருமை உன் பெருமை இல்லையா என்று இதை வாசிக்கிற ஊர்க்காரர்கள் கேட்பீர்கள். பிரசங்கத்தில் கேட்க நன்றாக இருக்கும். எனக்கு வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

2

அந்தக் கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுபோனவனே நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லீவில் போகிறவர்கள் டூ-இன்-ஒன், வி.சி.ஆர். என்று தூக்கிக்கொண்டு போனார்கள். தாசய்யன் கதவு நிலையில் இடிக்கிற அளவுக்கு ஒரு டி.வி. கொண்டுபோனான். அதைப் பார்க்க வெள்ளறடையில் பாதிப்பேர் அவன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்ததாகக் கேள்விப்பட்டேன். அதையும் மிஞ்சுகிற மாதிரி எதைக் கொண்டுபோகலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் கம்பெனி பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்தது. ஒன்றைக் கேட்டு வாங்கினேன். திருவனந்தபுரத்தில் கஸ்டம்ஸ்காரர் அதன் முதுகைத் தட்டிப் பார்த்து, இதை வைத்து என்ன செய்வாய் என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. மகளின் படிப்புக்கு என்றேன். பின்சி அப்போது நடக்கத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

ஹாலில் ஷோகேசுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு மேசை போட்டேன். என் மனைவி ஷீலா மெரூன் துணியில் ஓரம் சுருக்கி உறை தைத்தாள். வருகிறவர்களுக்கு உறையைத் தூக்கிக் காட்டுவேன். பார்த்து முடித்ததும் மூடிவிடுவேன். லீவு முடிகிறவரை அதன் ஒயரைச் சுவரில் மாட்டவே இல்லை. கரண்டு ஏறி இறங்குகிற ஊரில் எதற்கு வம்பு என்று நினைத்தேன். போகும்போது ஷீலாவிடமும் அதையே சொல்லிவிட்டுப் போனேன்.

ஷீலா கணக்கில் பி.எஸ்ஸி. எங்கள் பக்கத்துப் பாரலல் காலேஜ்களில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். பெரிய காலேஜில் இடம் கிடைக்காத பிள்ளைகள் ஓலைக்கூரைக்குக் கீழே இருந்து படித்துப் பரீட்சை எழுதுகிற இடம் அது. அங்கே டீச்சர்கள் ஓரிடத்தில் நிலைப்பதில்லை. காலையில் தனுவச்சபுரம், மதியம் நெய்யாற்றின்கரை, சாயங்காலம் தமிழ்நாட்டு எல்லை தாண்டிக் களியக்காவிளை என்று பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஓடுவார்கள். இரண்டு காலேஜ்காரர்கள் ஒரே மணிக்கு ஒரே டீச்சரைப் போட்டு வைத்திருப்பார்கள். டீச்சர் வராத வகுப்பில் பிள்ளைகள் டெஸ்கில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் சேரட்டுமா என்று ஷீலா எழுதிக் கேட்டாள். தையல் கிளாஸ் மாதிரி ஏதோ என்று நினைத்துச் சேரச் சொன்னேன். பிறகொரு கடிதத்தில், பெட்டிக்குள் எலி குட்டி போட்டிருக்கிறதா என்று பார்க்க உறையை எடுத்ததாகவும், எடுத்த கையோடு ஒயரை மாட்டிப் பார்த்ததாகவும், அது ஓடுவதாகவும் எழுதியிருந்தாள். எலியைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு பேச்சும் இல்லை.

அவள் செய்தது ஒரு டைம் டேபிள் போடுகிற புரோகிராம். எந்த டீச்சர் எந்தக் காலேஜில் எத்தனை மணிக்கு இறங்கினால் அடுத்த காலேஜுக்கு எந்த பஸ் கிடைக்கும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். ரயில்வே கேட் அடைத்திருக்கிற நேரத்தைக்கூட அதில் சேர்த்திருந்தாள். ஓணத்துக்கு இந்தப் பக்கம் லீவு, பொங்கலுக்கு அந்தப் பக்கம் லீவு, ஹர்த்தால் என்றால் பாறசாலை அடைத்திருக்கும், களியக்காவிளை திறந்திருக்கும். இவ்வளவும் அந்தப் பெட்டிக்குள் போயிற்று. முதலில் தனுவச்சபுரத்துக் காலேஜ் ஒன்று வாங்கியது. பிறகு பெருங்கடவிளையிலிருந்து வந்தார்கள், குழித்துறையிலிருந்து வந்தார்கள். ஷீலா பாடம் எடுப்பதை விட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

நான் காட்சிக்கு வைத்ததை அவள் வேலைக்கு எடுத்துக்கொண்டாள். அந்த எரிச்சல் அன்று தொடங்கியது.

3

வெள்ளிக்கிழமை தோறும் டெலிபோன் கார்டை எடுத்துக்கொண்டு ரூவி கடைத்தெருவில் பூத்துக்கு முன்னால் வரிசையில் நிற்பேன். முன்னால் நிற்கிற வங்காளி அழுது முடிக்கிறவரை காத்திருந்து நம்பரை அழுத்தினால் என் வீட்டு லைன் எங்கேஜ்டாக இருக்கும். வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் எங்கேஜ்டு. ஒரு மனுஷன் தன் வீட்டுக்குள் நுழைய வாசலில் டோக்கன் எடுத்து நிற்பது மாதிரி இருக்கும்.

கிடைத்துவிட்டால் பின்சி எடுப்பாள். "அம்மா பார்ட்டிட்ட பேசுகா. பின்ன விளிக்கணும்," என்பாள். பார்ட்டி என்றால் காலேஜ்காரர்கள். அப்பா நான் பேசுகிறேன் மக்கா என்றால், ஆங் என்று சொல்லிவிட்டு, அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் மூச்சு விட்டுக்கொண்டிருப்பாள். கார்டில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

கடிதத்திலும் எனக்கு வழியில்லை. பின்சி பள்ளிக்கூடத்தில் படிப்பது மலையாளம். எனக்கு எழுத வருவது தமிழ். இங்கே எல்லோரும் என்னை மலையாளி என்கிறார்கள், மலையாளிகள் என்னைப் பாண்டி என்கிறார்கள், என் மகளுக்கு என் எழுத்து கோழி கிண்டியது மாதிரி தெரிகிறது. அதனால் ஷீலாதான் வாசித்துக் காட்டுவாள். நான் நான்கு பக்கம் எழுதுவேன். அதில் எத்தனை வரி பிள்ளையின் காதுக்குப் போயிற்று என்பது அவளுக்குத்தான் தெரியும்.

ஆகவே கேசட்டில் பேசி அனுப்பிக்கொண்டோம். வளைகுடாக்காரர்களின் குடும்பங்களில் அது பழக்கம்தான். ஆனால் ஷீலா அனுப்பிய கேசட்டுகளில் அவள் குரலுக்குப் பின்னால் எப்போதும் பிரிண்டர் கிர்ரென்று அடித்துக்கொண்டிருந்தது. யாரோ டீச்சர் என்று கூப்பிடுவார்கள். இதோ வாறேன் என்பாள். கேசட் நின்றுவிடும். நான் கட்டிலில் படுத்தபடி அந்தக் குரல்களை வயதுவாரியாகப் பிரித்துப் பார்ப்பேன். இது கிழவன், இது நடுத்தரம், இது மீசை முளைத்த பயல். அவளைச் சந்தேகப்பட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் ஹாலில் என் நாற்காலியில் இருந்துகொண்டு என் பெண்டாட்டியை ஒரு சத்தத்தில் எழுப்பி வரவழைக்க அவர்களால் முடிந்தது. எனக்கு அது முடியவில்லை.

4

இதற்கெல்லாம் ஒரே மருந்து குடும்பத்தை இங்கே கொண்டுவருவது என்று முடிவுசெய்தேன்.

என் விசாவில் தொழில் கொத்தன் என்று இருந்தது. நான் ஒரு நாளும் கரண்டி பிடித்ததில்லை. வந்த காலத்தில் கிடைத்த விசா அது. கொத்தனுக்குக் குடும்ப விசா கிடையாது. ஸ்டோர் கீப்பர் என்று மாற்றக் கம்பெனி மேனேஜர் பின்னால் நாயாக அலைந்தேன். லேபர் ஆபீஸில் எனக்குத் தெரிந்த அரபியில் ஒருவரிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்கு மலையாளம் புரியாது என்றார்.

அடுத்தது கல்யாணச் சான்றிதழ். சபையில் வாங்கி, ரிஜிஸ்தர் ஆபீஸில் பதிந்து, திருவனந்தபுரத்தில் ஒரு முத்திரை, டெல்லியில் ஒரு முத்திரை, தூதரகத்தில் ஒரு முத்திரை. சபைப் புத்தகத்தில் ஷீலாபாய், பாஸ்போர்ட்டில் ஷீலா ராஜமணி. இதில் யார் உன் மனைவி என்று கேட்டார்கள். கம்ப்யூட்டர் டீச்சர் என்று சொல்லத் தெரியாததால் இரண்டு பேரும்தான் என்றேன். அதற்கு விளக்கம் எழுதி அதற்கும் முத்திரை வாங்கினேன்.

விசா கையில் வந்தபோது, அதில் ஒரு வரி இருந்தது. இந்த விசாவில் வருகிறவர் எந்த வேலையும் செய்ய அனுமதி இல்லை. மற்ற வரிகளை ஒரு தடவை வாசித்தேன். அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். என் வீட்டில் இத்தனை வருடமாக யாரும் எழுதாத நியாயத்தை ஒமான் அரசாங்கம் எழுதிக் கொடுத்திருப்பதாகத் தோன்றியது.

காகிதங்களையெல்லாம் கம்பெனி கேட்கிறது என்று சொல்லித்தான் ஷீலாவிடமிருந்து வரவழைத்திருந்தேன். விசாவை நேரில் காட்டி அசத்த வேண்டும் என்று போனில்கூடச் சொல்லாமல், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போன வருடம் மே மாதம் ஊருக்குப் போனேன்.

5

வீட்டு வராந்தாவில் அயலார் செருப்புகள் கிடந்தன. என் செருப்பைக் கழற்ற இடம் தேட வேண்டியிருந்தது. ஹாலில் சோபா சுவரோரம் ஒதுங்கியிருந்தது. மெரூன் உறை எங்கே என்று பார்த்தேன். பிரிண்டர் பேப்பர் கட்டின்மேல் தூசிக்கு மூடியிருந்தார்கள்.

மே மாதம் அவளுக்கு அறுவடைக் காலம். ஜூனில் வகுப்பு தொடங்குமுன் எல்லாக் காலேஜுக்கும் டைம் டேபிள் வேண்டும். மூன்றாம் நாள் பெருங்கடவிளையிலிருந்து ஒரு பிரின்சிபல் வந்தார். நான் கைலி கட்டிக்கொண்டு வராந்தாவில் நின்றேன். டீச்சரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். இரண்டையும் செய்தேன். போகும்போது, டீச்சருக்கு நல்ல பணிக்காரன் கிடைத்திருக்கிறான் என்று மலையாளத்தில் பாராட்டிவிட்டுப் போனார். ஷீலா அவரைத் திருத்த வாயெடுப்பதற்குள் ஜீப் போய்விட்டது. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அவள் வேலை செய்கிற விதத்தில் குறை கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தேன். பின்சி பால் குடித்து முடிக்கிறவரை எந்தப் பார்ட்டிக்கும் கதவு திறக்காது. மீன்காரி வந்தால் கம்ப்யூட்டர் காத்திருக்கும். கருவாட்டுக் குழம்பு கொதிக்கிறபோதே பேப்பரில் கோடு போட்டு, எந்த டீச்சரை எங்கே தள்ளுவது என்று யோசிப்பாள். துணி துவைக்கிற கல்லில் நின்றுகொண்டு, நெய்யாற்றின்கரை பஸ் லேட்டானால் மத்தியானத்து வகுப்பு என்ன ஆகும் என்று என்னிடம் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் நெய்யாற்றின்கரைக்கு பஸ்ஸில் போயே பல வருடம் ஆயிற்று.

அந்த வருடம் அணையில் தண்ணீர் குறைவு. சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் பகுதியில் அரை மணி நேரம் கரண்டு நிறுத்துவார்கள். முதல் நாள் கரண்டு போனதும் நான் மெழுகுவர்த்தி தேடினேன். அதற்குள் ஷீலாவும் பின்சியும் முற்றத்தில் பாயை விரித்துவிட்டார்கள். காத்திருந்த பார்ட்டிகள் தாங்களாகவே எழுந்து போய் முக்கில் டீ குடித்தார்கள். அந்த அரை மணி நேரத்தில் யாரும் அந்த முற்றத்துக்கு வருவதில்லை என்பது ஊருக்கே தெரிந்திருந்தது.

அங்கே ஒரு விளையாட்டு. அன்றைக்கு யாரிடமும் சொல்லாத ஒன்றை ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல வேண்டும். சொன்னதற்குத் திட்டு கிடையாது, வெளிச்சம் வந்தபிறகு அதைப் பற்றிப் பேச்சும் கிடையாது. சட்டம் பின்சியுடையது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நான் உள்ளே சோபாவில் இருப்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா எப்பம் போவாரு?" என்று பின்சி கேட்டாள்.

"என்ன மக்கா அப்பிடி கேக்க?"

"அப்பா நிக்கும்ப எனக்கு ஒண்ணும் சொல்ல வரல்ல."

வெளிச்சம் வரும்வரை நான் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

6

கம்ப்யூட்டர்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன், போன்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன், பார்ட்டிகள்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். இருட்டின்மேல் பொறாமைப்படுகிற நாளும் வந்தது.

மறுநாள் நெய்யாற்றின்கரைக்குப் போய் ஒரு இன்வெர்ட்டர் வாங்கினேன். கரண்டு போனாலும் லைட்டும் ஃபேனும் கம்ப்யூட்டரும் ஓடும். ஷீலாவின் வேலை தடைபடாமல் இருக்கத்தான் வாங்கினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உள்ளே வேறு கணக்கு ஓடியது. பேர்சியாக்காரன் வீட்டுக்கு ஒரு சாமான் வந்து எத்தனை நாளாயிற்று? முக்கில் நின்றவர்கள் பாட்டரியின் கனத்தைப் பார்த்துத் தூக்க ஓடி வந்தார்கள். பழைய மரியாதை கொஞ்சம் திரும்பியது.

அன்று ஏழு மணிக்கு ஊர் இருண்டது. எங்கள் வீடு மட்டும் கல்யாண வீடு மாதிரி நின்றது. பார்ட்டிகள் டீ குடிக்கப் போகவில்லை. டீச்சருக்க மாப்பிள நல்ல காரியம் செய்தார் என்று என்னைப் புகழ்ந்துகொண்டே இன்னும் ஒரு நகல், இன்னும் ஒரு திருத்தம் என்று நின்றார்கள். ஷீலா திரும்பாமல் தட்டிக்கொண்டிருந்தாள். பின்சி பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஹால் நடுவில் நின்றாள்.

"நம்ம வீட்டில மட்டும் ஏன் கரண்டு போகல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். என் பிள்ளை என்னை அவ்வளவு நேராக அதுவரை பார்த்ததில்லை. பிறகு பாயைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

இரண்டு நாள் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் ஏழு மணி அடித்ததும் ஷீலா எழுந்தாள். பார்ட்டிகளிடம், டீ குடிச்சிட்டு வாருங்க என்றாள். அவர்கள் விழிக்கிறபோதே இன்வெர்ட்டரிடம் போய் அதன் சுவிட்சை அணைத்தாள். முக்கிலிருந்து நான்கு பேர் சேர்ந்து தூக்கி வந்ததை ஒரு விரலால் அணைத்துவிட்டாள்.

7

"வாருங்க," என்று அன்று ஷீலாதான் என்னைப் பாய்க்குக் கூப்பிட்டாள். ஓரத்தில் உட்கார்ந்தேன்.

பின்சி, பக்கத்து வீட்டுப் பேரக்காயைத் தான்தான் பறித்ததாகச் சொன்னாள். ஷீலா, பெருங்கடவிளைப் பிரின்சிபல் தண்ணீர் கேட்ட கதையை இரண்டு தடவை நினைத்துத் தனியாகச் சிரித்ததாகச் சொன்னாள். திட்டக் கூடாது என்பது சட்டம். அப்புறம் என் முறை வந்தது.

"விசா வந்தாச்சு. ரெண்டு பேருக்கும்," என்றேன்.

ரோட்டில் ஒரு லாரி போயிற்று. அதன் வெளிச்சத்தில் ஷீலாவின் முகம் தெரிந்து மறைந்தது. நான் ஊரிலிருந்து புறப்படும்போதெல்லாம் அவள் வைத்திருந்த முகம் அது. கரண்டு வந்தது. சட்டப்படி அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிள்ளை தூங்கியபிறகு காகிதத்தைக் கேட்டு வாங்கி வாசித்தாள். அந்த வரியில் விரலை வைத்தாள்.

"இதில எழுதியிருக்கியது வாசிச்சியளா?"

வாசித்தேன் என்றேன். எனக்குப் பொய் சொல்ல நேரமில்லை.

"அங்ஙண வந்து நான் என்ன செய்யியதுக்கு?"

உனக்கு என்ன குறை, ராணி மாதிரி வைத்துக்கொள்வேன் என்று ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்சியை அங்கே நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், சேர்ந்து ஒரே தட்டில் சாப்பிடலாம் என்றெல்லாம் சொன்னேன். அவ்வளவும் எனக்கு உண்மையாகவே ஆசை. ஆனால் என் குரலில் ஜெயித்தவனின் தொனி இருந்தது. அவளுக்குக் காது நல்ல கூர்மை.

"நான் ஒண்ணு சொல்லட்டா? கோவப்படப்பிடாது," என்றாள். "சேர்ந்து இருக்கணும்ணு எனக்கும் உண்டு. நீங்க இங்ஙண வந்திருங்க. வெளிய போற வேலைக்கு எனக்கு ஒரு ஆளு வேணும். காலேஜுக்குப் போகணும், பேப்பர் வாங்கணும், பிரிண்டர் கேடானா திருவனந்தபுரம் கொண்டு போகணும். நான் ஒருத்தி எங்க ஓடுவேன்? அந்நிய ஆள வைக்க எனக்கு மனசில்ல."

"எனக்க வீட்டில எனக்கே வேல தாறியா?"

"நம்ம வீட்டிலயாக்கும்," என்றாள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. பணிக்காரன் என்ற சொல் அதில் பல தடவை வந்தது. அவள் காகிதத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, மறுநாள் குழித்துறைக்குக் கொடுக்க வேண்டிய டைம் டேபிளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லீவு முடிந்து நான் தனியாகத்தான் விமானம் ஏறினேன். விசாவின் காலம் இங்கே என் பெட்டிக்குள் இருந்தபடியே முடிந்துபோயிற்று.

8

ரூவியில் கரண்டு போவதே இல்லை. கடைகளும் தெருவும் எந்நேரமும் ஒளிர்ந்துகொண்டிருக்கின்றன. ஊரில் ஏழு மணியாகும்போது இங்கே ஐந்தரை. நான் ஸ்டோரில் கம்பி எண்ணிக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில் கை தானாக நிற்கும். இப்போது பாய் விரித்திருப்பார்கள் என்று நினைப்பேன். யார் முறை என்று நினைப்பேன். இந்த வருடமும் ஊரில் மழை குறைவு, அரை மணி இன்னும் தொடர்கிறது என்று கேள்விப்பட்டபோது சந்தோஷப்பட்டேன். ஊர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும், உங்கள் வயல் காயட்டும் என்று நினைக்கவில்லை. மழை பெய்தால் அவர்களுக்கு அந்த இருட்டு இல்லாமல் போய்விடும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை தாசய்யன் போனபிறகும் கேசட்டை நான் போடவில்லை. அறையில் ஆள் இருந்தது. சாயங்காலம் மலப்புறத்துக்காரன் கடைக்குப் புறப்பட்டதும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஏன் என்று எனக்கே தெரியாமல் லைட்டையும் அணைத்துவிட்டு டேப் ரெக்கார்டரைத் திருகினேன்.

பிரிண்டர் சத்தம் இல்லை. சீவிடு கத்தியது. எங்கள் முற்றத்துச் சில்வண்டுதான். பாயில் யாரோ புரண்டு உட்கார்ந்தார்கள். டேப் ரெக்கார்டரில் பாட்டரி போட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இது இருட்டு கேசட்டாக்கும்," என்று பின்சி அறிவித்தாள். "மொதல்ல நான். இண்ணைக்கு ஸ்கூளில டீச்சர் எல்லாருட்டயும் அப்பாக்கு என்ன ஜோலிண்ணு கேட்டா. நான் அம்மைக்க ஆபீஸிலண்ணு சொன்னேன். அது பொய்யாக்கும். இனி அம்மா."

ஷீலா தொண்டையைச் செருமினாள்.

"வெளிய போற வேலைக்கு நான் இன்னும் ஆள வைக்கல்ல," என்றாள். பிறகு, "அவ்வளவுதான்," என்றாள்.

"இனி அப்பா," என்றாள் பின்சி.

கேசட் ஓடிக்கொண்டிருந்தது. சீவிடு கத்தியது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. வெள்ளறடை பஸ் ஒன்று முக்கில் நின்று ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. கேசட் பழுதாகிவிட்டதோ என்று நான் காதைக் கிட்டே கொண்டுபோனேன். அங்கே இரண்டு பேர் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. ஒன்றும் பேசாமல், நான் சொல்லி முடிக்கக் காத்திருக்கிறார்கள். எனக்கு அது புரிந்தபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. பின்சி என்னவோ சொன்னது என் காதில் சரியாக விழுமுன் டக்கென்று கேசட் நின்றுவிட்டது.

திருப்பி ஓட்டினேன். இருட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொய்யாக்கும் என்றாள். இன்னும் ஆள வைக்கல்ல என்றாள். இனி அப்பா என்றாள். சீவிடு கத்தத் தொடங்கியது.

"வாறேன்," என்றேன். "ஆனா அந்த ஆட்டோ ஸ்டாண்டில எனக்க பேரையும் ஒண்ணு சொல்லி வைக்கணும்."

நாய் குரைத்தது. பஸ் வந்து ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. என் மகள் ஒரு நீண்ட மூச்சு விட்டாள்.

"கரண்டு வந்தாச்சு அப்பா," என்றாள். "நான் நிறுத்தியேன்."